மேகத்தில் பட்ட வெயில்

செய்மதி காட்டியது என்றால் நாம் மறுபேச்சில்லாமல் நம்பிவிடுகிறோம். ஆனால் செய்மதியின் கண்ணுக்குள் அது தேடாத வெளிச்சமும் புகுந்துவிடும். 1983இல் அப்படிப் புகுந்த வெளிச்சம் அணுயுத்தத்தின் வாசல்வரை உலகைக் கொண்டுபோனது.

அந்த செப்டெம்பர் 1ஆம் திகதி சோவியத் போர் விமானம் தென்கொரியப் பயணிகள் விமானத்தைச் சுட்டு வீழ்த்தி, 269 பேர் பலியாகினர். இரு வல்லரசுகளும் முறுகி நின்ற நேரம். 26ஆம் திகதி நள்ளிரவு தாண்டியதும், மொஸ்கோவுக்குத் தெற்கே செர்புகோவ்-15 நிலையத்தில் அபாய ஒலி எழுந்தது. அமெரிக்கா ஓர் ஏவுகணையை ஏவிவிட்டதாகத் திரை காட்டியது. பிறகு இன்னும் நான்கு.

கடமையில் இருந்தவர் 44 வயது லெப்டினன்ட் கேணல் ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ். தாக்குதல் என்று மேலிடத்துக்கு அறிவித்தால் பதிலடிக்கு வழி திறந்துவிடும். யுத்தம் தொடங்குபவன் ஐந்தே ஏவுகணைகளோடு தொடங்குவானா என்று அவர் யோசித்தார். தரையிலிருந்த ராடார்களும் எதையும் காணவில்லை. பிழையான எச்சரிக்கை என்றே அறிவித்தார். அப்போது தனக்கு முழு நிச்சயம் இருக்கவில்லை என்று பின்னாளில் அவரே சொன்னார்.

நடந்தது என்ன? அந்தச் செய்மதிகள் ஏவுகணையின் சுவாலையிலிருந்து வரும் செங்கீழ்க் கதிர்களைத் தேடின. நிலத்திலும் மேகத்திலும் தெறிக்கும் வெயில் குழப்பக் கூடாதென்றே, பூமியின் ஓரத்தைச் சாய்வாக, கறுத்த விண்வெளியின் பின்னணியில் பார்க்கும்படி அமைத்திருந்தார்கள். இரவும் பகலும் சமமாகும் அந்த நாட்களில் சூரியன், செய்மதி, அமெரிக்க ஏவுதளம் மூன்றும் அபூர்வமாக ஒரே நேர்கோட்டுக்கு வந்தன. உயரமான மேகங்களில் தெறித்த வெயில் நேரே உணரிக்குள் விழுந்தது. கருவி கண்டது உண்மையான வெளிச்சம்தான். அதற்குக் கணினி கொடுத்த அர்த்தம்தான் பிழை.

பெத்ரோவுக்கு அப்போது விருது கிடைக்கவில்லை. பதிவேட்டை ஒழுங்காக நிரப்பவில்லை என்று கண்டிக்கப்பட்டார். 1990களில்தான் விடயம் வெளியே வந்தது. 2017இல் அவர் காலமானார்.

இன்றும் சம இராப்பகல் காலங்களில், நள்ளிரவை ஒட்டி, பூமியின் விளிம்பைக் கடந்து வரும் வெயில் வானிலைச் செய்மதிப் படங்களைக் கெடுப்பதுண்டு. விஞ்ஞானிகள் அதை அறிந்து திருத்துகிறார்கள். திருத்த முடியாத படத்தை ஒதுக்குகிறார்கள். அன்றைய சோவியத் பொறியியலாளர்களும் வேறொரு பாதையில் சுற்றும் செய்மதியோடு ஒப்பிட்டுப் பார்க்கும் முறையைச் சேர்த்தார்கள்.

நம் கைபேசிக்கு வரும் படங்களுக்கும் செய்திகளுக்கும் அந்த இரண்டாவது கண் வேண்டாமா? பெத்ரோவுக்குக் கிடைத்தது சில நிமிடங்கள்தான். நமக்கு அதைவிட அதிக நேரம் இருக்கிறது.