உலர் சாம்பல் (கட்டுமானப் பயன்பாடு)

அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரியும்போது புகையோடு பறந்து, வடிப்பான்களில் பிடிபடும் நுண்தூள் உலர் சாம்பல். பேச்சு வழக்கில் 'பிளை ஆஷ்'. சிமென்ட், கான்கிரீட், செங்கல், சாலைக் கரை ஆகியவற்றில் சேர்க்கப்படுகிறது. புதுக்கோட்டை மாவட்டத்துக்கு இது நெய்வேலி, மேட்டூர், தூத்துக்குடி போன்ற தொலைவான ஊர்களிலிருந்துதான் வரவேண்டும்.

முன்வரலாறு

சுண்ணாம்போடு செங்கல் தூள் சேர்த்த சுர்க்கிக் காரை இதன் முன்னோடி; முல்லைப் பெரியாறு அணை (1887–1895) அக்காரையால் எழுந்தது. கான்கிரீட்டில் சாம்பலைச் சேர்ப்பது பற்றிய முதன்மை ஆய்வை 1937இல் அமெரிக்காவில் ரேமண்ட் டேவிஸ் குழு வெளியிட்டது. இந்தியாவில் ரிஹந்த் அணையே முதல் பெரிய பயன்பாடு என்பர். தமிழகத்தில் நெய்வேலி (1962), எண்ணூர் (1970), தூத்துக்குடி (1979), மேட்டூர் (1987) நிலையங்கள் அடுத்தடுத்து உற்பத்தியைத் தொடங்கின.

விதிகளின் காலம் (1994–2016)

1994இல் மத்திய அரசு உலர் சாம்பல் இயக்கத்தைத் தொடங்கியது. 14.9.1999 அறிவிக்கை, அனல்மின் நிலையத்திலிருந்து 50 கி.மீ.க்குள் உள்ள செங்கல் சூளைகள் மண்ணோடு குறைந்தது 25 விழுக்காடு சாம்பல் சேர்க்க வேண்டும் என்றது. 2001இல் இந்தியச் சாலைப் பேரவை, சாம்பலால் சாலைக் கரை அமைக்கும் நெறிமுறையை வெளியிட்டது. 2003இல் அறிவிக்கையின் எல்லை 100 கி.மீ. ஆனது, அப்போதும் புதுக்கோட்டை நகரம் நெய்வேலி, மேட்டூர், தூத்துக்குடி நிலையங்களின் எல்லைக்கு வெளியேதான் இருந்தது. 2016 திருத்தம் எல்லையை 300 கி.மீ. ஆக்கியதும் மேற்கண்ட மூன்று ஊர்களின் வட்டத்துக்குள்ளும் அது வந்தது. அத்திருத்தத்தின்படி 100 கி.மீ. வரை ஏற்றுகூலி மின்நிலையத்தின் பொறுப்பாக இருந்தது. அதற்கு மேல் 300 கி.மீ. வரை மின்நிலையமும் பயன்படுத்துவோரும் சரிபாதி ஏற்க வேண்டியிருந்தது.

இயல்பு

சாம்பல் துகள்களில் பெரும்பாலானவை உருண்டையானவை. உள்ளே கூடாக இருக்கும் சில, சாம்பல் குளத்து நீரின் மேல் வெண்ணிறமாக மிதக்கும். சிமென்ட் இறுகும்போது வெளிவிடும் சுண்ணாம்போடு சாம்பலின் சிலிக்கா வினைபுரிகிறது. வலு மெல்லத்தான் ஏறும். ஆதலால் தண்ணீர் கட்டுவதை அவசரப்பட்டு நிறுத்தக் கூடாது. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் சாம்பலில் சுண்ணாம்பு கூடுதல்.

கருத்து வேறுபாடு

சாம்பலிலுள்ள உலோகங்கள் நிலத்தடி நீரில் கலக்குமா என்பதில் ஆய்வாளர்கள் ஒருமித்துப் பேசவில்லை. கான்கிரீட்டுக்குள் அவை பெரும்பாலும் கட்டுண்டு கிடக்கும் எனக் கருதப்படுகிறது. சாலைக் கரையில் மண்போர்வையும் வடிகாலும் இன்றியமையாதவை.

அண்மைக் காலம்

31.12.2021 அறிவிக்கை, சாம்பலைப் பயன்படுத்தத் தவறும் மின்நிலையங்களுக்கு இழப்பீடு விதித்தது. பிளை ஆஷ் கல்லுக்குச் சாம்பலோடு கிரஷர் தூசியும் வேண்டும். கல் குவாரிகள் மிகுந்த புதுக்கோட்டையில் அது உள்ளூரிலேயே கிடைக்கிறது.