கல்லீரல் புழுவும் ஒரு சின்ன நத்தையும்

1879ஆம் ஆண்டு இங்கிலாந்தில் அளவுக்கு மீறி மழை பெய்தது. அதைத் தொடர்ந்து செம்மறி ஆடுகள் மந்தை மந்தையாகச் செத்து விழுந்தன. 1879-80ல் பிரிட்டன் இழந்த ஆடுகள் சுமார் 30 லட்சம்! எத்தனையோ விவசாயிகளின் பிழைப்பே போனது.

செத்த ஆட்டின் ஈரலை அறுத்தால் பித்தநாளங்களில் இலை போலத் தட்டையான புழுக்கள் இருந்தன. சுமார் 3 செ.மீ. நீளம். இதுதான் 'ஃபேசியோலா ஹெபாட்டிகா' எனப்படும் கல்லீரல் புழு.

புழு புதிதல்ல. 1379லேயே ழான் த பிரீ என்ற பிரெஞ்சு இடையர் தம் நூலில் இந்த நோயைக் குறிப்பிட்டார். ஈர நிலத்தில் முளைக்கும் ஒரு செடிதான் காரணம் என்பது அவர் எண்ணம். 1758ல் லின்னேயஸ் புழுவுக்குப் பெயர் சூட்டினார். ஆனால் அது ஆட்டுக்குள் எப்படி நுழைகிறது? 500 ஆண்டுகளாக விடை இல்லை.

பேரழிவுக்குப் பிறகு ஆங்கில ராயல் வேளாண் சங்கம் ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்கியது. வேலை ஆக்ஸ்ஃபோர்டில் இருந்த ஏ.பி.தாமஸ் என்ற இளைஞரிடம் வந்தது. 1880ல் அவருக்கு வயது 23. ஜெர்மனியின் லைப்சிக் நகரில் புகழ்பெற்ற பேராசிரியர் லாய்க்கார்ட்டும் இதையே தேடிக்கொண்டிருந்தார். இருவரும் தனித்தனியாக, ஏறத்தாழ ஒரே சமயத்தில், 1882-83ல் விடையை வெளியிட்டனர்.

விடை ஒரு சின்ன நத்தை! ஆட்டின் சாணத்தோடு வெளியேறும் முட்டை, தண்ணீரில் பொரிந்து மிராசிடியம் ஆகிறது. அது சேற்று நத்தைக்குள் புகுந்து பலவாகப் பெருகுகிறது. பிறகு செர்கேரியாவாக வெளியே வந்து, புல்லில் ஒட்டிக்கொண்டு கூடு கட்டிக்கொள்கிறது. அந்தப் புல்லை மேயும் ஆட்டின் குடலைத் துளைத்து ஈரலை அடைகிறது. இவ்வகைத் தட்டைப்புழுக்களில் வாழ்க்கைச் சுழற்சி முழுமையாக அறியப்பட்டது இதற்குத்தான் முதலில்.

இடையர் செடியைக் குற்றம் சொன்னது தவறு. ஆனால் ஈர நிலத்தைச் சந்தேகித்தது சரியே. நத்தை வாழ்வது அங்கேதான்.

1980களில் ட்ரைக்ளாபெண்டசோல் என்ற நல்ல மருந்து வந்தது. 1990களிலேயே ஆஸ்திரேலியாவில் அதற்கும் மசியாத புழுக்கள் தென்பட்டன. அதனால்தான் வயலில் நீரை வடியவிடுவதும், சேற்றில் மேயவிடாமல் வேலி போடுவதும் இன்றும் தேவைப்படுகின்றன. மருந்து புழுவைக் கொல்லும். நத்தை இருக்கும்வரை அடுத்த புழு புல்லில் காத்திருக்கும்.