முன்பின் தெரியாதவரிடம் ஏன் சொன்னான்?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பேத்தியின் நடனப் படங்கள் அடுத்த வாரம் வரும். இதை மட்டும் பொறுமையாகப் படித்துவிடுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒருநாள் இரவு 1 மணிக்கு, என்னிடம் ஏழாம் வகுப்பு படித்த ஒரு பையனிடமிருந்து மெசஞ்சரில் ஒரு வரி வந்திருந்தது. "டீச்சர், தூங்கிட்டீங்களா?" காலை 6 மணிக்குப் பார்த்தேன். ரோஜாப்பூ போட்ட "இனிய காலை வணக்கம்" படம் ஒன்றை அனுப்பிவிட்டுக் காபி போடப் போய்விட்டேன். பதில் வரவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

மூன்று வாரம் கழித்து அவனே வீட்டுக்கு வந்தான். அந்த இரவு உயிரோடு இருக்க வேண்டாம் என்ற முடிவில் இருந்தானாம். நான் பதில் தராததால், கைப்பேசியில் எழுதிப் பேசும் ஓர் உதவிச் சேவையில், பெயர்கூடத் தெரியாத ஒருவரோடு 3 மணி வரை பேசியிருக்கிறான். இப்போது மருத்துவரைப் பார்க்கிறான், வேலைக்கும் போகிறான். "எழுதுங்க டீச்சர், பேர் மட்டும் வேண்டாம்" என்று அவன் சொன்னதால்தான் எழுதுகிறேன்.

அவனிடம் இரண்டு கேள்வி கேட்டேன். "அவர் அப்படி என்னதான்டா சொன்னார்?" "பெருசா ஒண்ணும் சொல்லலை டீச்சர். கேட்டார்." "அம்மாகிட்டயோ அண்ணன்கிட்டயோ சொல்லியிருக்கலாமே?" கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அவங்ககிட்ட சொன்னா, அப்புறம் நான்தானே டீச்சர் அவங்களைத் தேத்தணும்?"

அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. 34 வருடம் பிள்ளைகளோடு இருந்தவளுக்கு இது தெரியாமல் போயிற்றே என்று தேடித் தேடிப் படித்தேன். படித்ததைப் பாடமாகச் சொல்கிறேன். பழக்கதோஷம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1935-இல் இங்கிலாந்தின் லிங்கன் நகரில் சாட் வாரா என்ற இளம் பாதிரியார் தம் வாழ்க்கையின் முதல் இறுதிச் சடங்கை நடத்தினார். இறந்தவள் 14 வயதுச் சிறுமி. தானே தன் உயிரை மாய்த்துக்கொண்டவள். அவள் பெரியவளாகியிருக்கிறாள். அது இயற்கை என்று சொல்ல யாருமில்லை. ஏதோ கெட்ட நோய் வந்துவிட்டது என்று நினைத்துப் பயந்திருக்கிறாள். கேட்க ஓர் ஆள் இருந்திருந்தால் ஐந்து நிமிடத்தில் தீர்ந்திருக்கக்கூடிய பயம் அது. நம் பள்ளியில் மதிய இடைவேளையில் ஓரமாக வந்து நின்று, "டீச்சர், ஒண்ணு கேக்கணும்" என்று இழுத்த பெண்பிள்ளைகள் எத்தனை பேர்! இதைப் படிக்கும்போது அவர்கள் முகங்கள்தான் எனக்கு முன்னால் வந்தன.

அந்தச் சாவு வாராவின் மனதை விட்டுப் போகவில்லை. லண்டனில் நாளொன்றுக்கு மூன்று பேர் இப்படிச் சாகிறார்கள் என்று பின்னாளில் அறிந்தார். தீப்பிடித்தால் கூப்பிட 999 என்ற எண் 1937 முதலே லண்டனில் இருந்தது. மனதில் தீப்பிடித்தவர் யாரைக் கூப்பிடுவார்? 1953 நவம்பர் 2 அன்று, லண்டனின் புனித ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். எண் 'மேன்ஷன் ஹவுஸ் 9000'. அந்தக் கறுப்புத் தொலைபேசியை அந்தத் தேவாலயத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பாதுகாத்தார்கள்.

அந்தக் காலத்தில் அங்கே தற்கொலைக்கு முயல்வது சட்டப்படி குற்றம். பிழைத்தவர்கள் சிறைக்குப் போனதும் உண்டு. 1961-இல்தான் அந்தச் சட்டம் நீங்கியது. போலீஸுக்குப் பயந்து வாயைத் திறக்க முடியாதவர்களுக்கு, ரகசியம் காக்கும் முகம் தெரியாத ஆள்தான் ஒரே வழியாக இருந்தார்.

அடுத்து நடந்ததுதான் எனக்குப் பெரிய பாடம். செய்தித்தாளில் விஷயம் வந்ததும் ஏராளமானவர்கள் நேரிலேயே வரத் தொடங்கினார்கள். வாரா உள்ளே ஒவ்வொருவராகப் பார்த்து ஆலோசனை சொல்வார். காத்திருப்பவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத் துணையாக இருக்கச் சில சாதாரண மனிதர்கள் வந்தார்கள். படித்த மருத்துவர்கள் இல்லை. ஆனால் காத்திருந்த பலர், அந்தத் தேநீர்க்காரர்களிடம் பேசி முடித்ததும், "பாதிரியாரைப் பார்க்க வேண்டியதில்லை" என்று கிளம்பிப் போனார்கள்! வாரா கோபப்படவில்லை. கவனித்தார். 1954 பிப்ரவரியில் தொலைபேசியை அந்தத் தொண்டர்களிடமே ஒப்படைத்துவிட்டார். அதுதான் 'சமாரிட்டன்ஸ்' அமைப்பு. பைபிளில் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிவிட்ட நல்ல சமாரியனின் பெயர். அவனும் முன்பின் தெரியாதவன்தானே.

அறிவுரை சொன்னவரைவிட, தேநீரை நீட்டிவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தவர் கூடுதலாக உதவினார். வாத்தியார் இனத்துக்கு இது கசப்பான உண்மை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அந்த விதை நம் பக்கமும் வந்தது. 1974-இல் இலங்கையில் 'சுமித்ரயோ'. 1986 ஏப்ரலில் சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய 'சிநேகா'. அப்போது நம் நாட்டிலும் தற்கொலை முயற்சி குற்றம்தான். இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு. அதனால்தான் எங்கள் காலத்தில் செய்தித்தாளில் "வயிற்றுவலி தாங்காமல்" என்றே வரும். ஊரில் எல்லோருக்கும் காரணம் தெரியும், யாரும் பேசமாட்டார்கள். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டம்தான், அப்படி முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதப்பட வேண்டும், அவருக்குச் சிகிச்சையும் பராமரிப்பும் தர வேண்டும் என்றது. உங்களில் பலர் வேலைக்குச் சேர்ந்த பிறகு வந்த மாற்றம் இது. அவ்வளவு சமீபம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். முன்பெல்லாம் பத்தாம் வகுப்பில் ஒரு பாடத்தில் தவறினால்கூட ஒரு வருடம் வீண். பிறகு 2000-களில், முடிவு வந்த சில வாரங்களிலேயே மறுபடி எழுதும் உடனடித் தேர்வு வந்தது. அதற்காக அரசிடம் எடுத்துச் சொன்னவர்களில் டாக்டர் லட்சுமி விஜயகுமாரும் ஒருவர். முடிவு வரும் நாளில் நான் எவ்வளவு பயந்திருப்பேன் என்பது என் வீட்டுக்காரருக்குத் தெரியும். என்னிடம் எட்டாவது முடித்துப் போன பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பிறகு இணையம் வந்தது. 1994-இலேயே சமாரிட்டன்ஸ் மின்னஞ்சல் வழியாகக் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். யார் பதில் எழுதினாலும் கையெழுத்து 'ஜோ' என்றே இருக்கும். ஆணா பெண்ணா என்பதுகூடத் தெரியாது. தொலைபேசியில் பேசுபவர்களைவிட, எழுதுபவர்கள் சாகும் எண்ணத்தை வெளிப்படையாகச் சொல்வது அதிகம் என்று அவர்கள் கண்டார்கள். குரல் நடுங்குவது யாருக்கும் கேட்காது, அழுதால் பக்கத்து அறைக்குத் தெரியாது. நம் பையன் எழுதியதும் அதனால்தான்.

ஆனால் அவர்களும் ஒருமுறை தவறினார்கள். 2014 அக்டோபர் இறுதியில் ஒரு செயலியை வெளியிட்டார்கள். ட்விட்டரில் நாம் பின்தொடர்பவர்களின் பதிவுகளில் விரக்தியான சொற்கள் வந்தால், அது நமக்குத் தகவல் அனுப்பும். அந்தப் பதிவை எழுதியவருக்கு இது தெரியாது. நல்ல எண்ணம்தான். ஆனாலும் மனநோயோடு போராடுபவர்களே எதிர்த்தார்கள். "எங்கள் பேச்சை எங்களுக்குத் தெரியாமல் கண்காணிக்காதீர்கள், இதைத் தீயவர்களும் பயன்படுத்துவார்கள்" என்றார்கள். பத்தே நாளில் செயலியை நிறுத்திவிட்டார்கள். கேட்பதும் ஒட்டுக்கேட்பதும் ஒன்றாகிவிடாது.

சரி, பாடம் முடிந்தது. வீட்டுப்பாடம் மூன்று.

ஒன்று: யார் மீதாவது சந்தேகம் வந்தால், சுற்றி வளைக்காமல் தனியாகக் கேளுங்கள். "செத்துடலாம்னு தோணுதா?" என்று நேராகக் கேட்டால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஓர் ஆள் இருக்கிறார் என்ற நிம்மதிதான் வரும்.

இரண்டு: பதில் வந்தால் பதறாதீர்கள், அழாதீர்கள், "உனக்கென்ன குறைச்சல்?" என்று ஆரம்பிக்காதீர்கள். நம்மைத் தேற்றும் வேலையை அவர்கள் தலையில் வைக்க வேண்டாம். கேளுங்கள், தனியே விடாதீர்கள், மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

மூன்று: உங்களுக்கே அப்படி ஓர் இரவு வந்தால், சொந்தக்காரர்களிடம் சொல்ல முடியாவிட்டால், முன்பின் தெரியாதவரிடமாவது சொல்லுங்கள். ஆனால் இணையத்தில் கண்ட கண்ட இடத்தில் வேண்டாம். கேட்பதற்கென்றே பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி-மானஸ்: 14416. இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணும் உண்டு. சிநேகா: 044-24640050.

அந்தப் பையனுக்குக் கைகொடுத்த முகம் தெரியாத மனிதரே, நீங்கள் இதைப் படிக்கப் போவதில்லை. உங்களுக்கு ஒரு வாய் காபி கொடுக்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை. நன்றாக இருங்கள்.

பிள்ளைகளே, இப்போதெல்லாம் கைப்பேசியைத் தலைமாட்டில் சத்தம் குறைக்காமல் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன். வயதானவளுக்குத் தூக்கம் குறைவுதான். எந்த நேரமானாலும் கூப்பிடுங்கள். இனி ரோஜாப்பூ அனுப்பமாட்டேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்