‘கொலு’: ஒரு சொல்லின் பொருள் மாற்றமும் வழக்காறும்

ஆய்வுச் சுருக்கம்

‘கொலு’ என்னும் சொல் இன்று நவராத்திரிப் பொம்மைக் காட்சியையே முதன்மையாகக் குறிக்கிறது. அரசன் அவையில் வீற்றிருத்தலைக் குறித்த இச்சொல், இல்லத்துக் காட்சியைக் குறிப்பதாக மாறியதை அதனோடு சேர்ந்துவரும் வினைகளின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: கொலு, ஓலக்கம், மகாநவமி, நாயக்கர் காலம், சொற்பொருள் மாற்றம்.

முன்னுரை

‘கொலு’ என்பதற்கு அழகு எனப் பொருள் கூறுவோரும், அதனைக் ‘கோலம்’ என்பதன் திரிபாகக் கொள்வோரும் உளர். இவ்விளக்கங்கள் கொலுமண்டபம், கொலுவீற்றிருத்தல் ஆகிய வழக்குகளுக்குப் பொருந்துவதில்லை. இவற்றில் உயர்நிலையில் உள்ளவர் பிறர் காணவும் பணியவும் அமர்ந்திருத்தலே முதன்மைப் பொருளாகும்.

சொல்லின் வருகை

அரசவையைக் குறிக்கத் தமிழில் சொற்பஞ்சம் இருந்ததில்லை. புறநானூற்றில் ‘நாளவை’ இடம்பெறுகிறது. இடைக்காலத்தில் ‘ஓலக்கம்’, ‘திருவோலக்கம்’ ஆகியவை அரசனுக்கும் இறைவனுக்கும் வழங்கின. ‘கொலு’ தெலுங்குச் சொல்லான ‘கொலுவு’ என்பதிலிருந்து வந்தது. சேவித்தல், வழிபடுதல் எனப் பொருள்படும் வினையடியில் பிறந்த அச்சொல், ஊழியத்தையும் அரசவையையும் ஒருங்கே குறிக்கும். இன்றைய தெலுங்கிலும் அது வேலை என்னும் பொருளில் வழங்குகிறது. கன்னட ‘ஓலக’ என்பதற்கும் இவ்விரு பொருளும் உண்டு.

16, 17ஆம் நூற்றாண்டுகளில் மதுரையிலும் தஞ்சையிலும் நாயக்கர் அவைகளில் தெலுங்கு செல்வாக்குப் பெற்றிருந்த சூழல் இச்சொல் தமிழில் வேரூன்ற ஏற்றதாயிற்று. ஆயினும் தமிழ் அதனை முழுமையாக ஏற்கவில்லை. ஊழியப் பொருள் இங்கு நிலைபெறவில்லை. வீற்றிருக்கும் பொருளே நிலைத்தது. பணிபவரையும் பணியப்படுபவரையும் ஒருசேரக் குறித்த சொல், தமிழில் பணியப்படுபவருக்கே உரியதாயிற்று.

அரசனும் தேவியும்

அரசவைப் பொருளும் நவராத்திரியும் இணைவதற்கான களத்தை விசயநகரத்து மகாநவமி விழாவில் காணலாம். கிருட்டிணதேவராயர் காலத்தில், ஏறத்தாழ 1520இல், அந்நகரைக் கண்ட போர்த்துகீசியர் தொமிங்கோ பாயசு, ஒன்பது நாள் விழாவில் தெய்வத் திருமேனி அரியணையில் வைக்கப்பட்டதையும், படைத்தலைவர்கள் வந்து அரசனை வணங்கியதையும் பதிவுசெய்துள்ளார். தேவியின் இருக்கையும் அரசனின் இருக்கையும் ஒரே அரங்கில் அமைந்தமை இங்குக் கருதத்தக்கது. இராமநாதபுரம் சேதுபதிகளும் அரண்மனையில் இராசராசேசுவரியை முன்னிறுத்தி இவ்விழாவைக் கொண்டாடினர். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் நவராத்திரியின்போது அம்மன் கொலுமண்டபத்தில் எழுந்தருளுவது இன்றும் தொடர்கிறது.

வினைகள் காட்டும் மாற்றம்

இப்பொருள் மாற்றத்திற்கான சான்று பெயர்ச்சொல்லில் அன்று, அதனோடு இணையும் வினைகளிலேயே உள்ளது. ‘அரசன் கொலுவிருந்தான்’ என்னும் தொடரில் ‘இரு’ தன்வினை, எழுவாய் அரசன். ‘வீட்டில் கொலு வைத்தார்கள்’ என்னும் தொடரில் ‘வை’ செயப்படுபொருள் குன்றாவினை. எழுவாய் குடும்பத்தார், பெரும்பாலும் பெண்கள். முன்னதில் ஒருவரது நிலையாக இருந்த கொலு, பின்னதில் பிறர் அமைக்கும் பொருளாகிறது. ‘கொலு பார்த்தல்’ என்னும் மூன்றாவது வழக்கு, அழைக்கப்பட்டு வரும் அக்கம்பக்கத்தாரை எழுவாயாக்குகிறது. வீற்றிருப்பவரிடமிருந்து அமைப்பவருக்கும், அவரிடமிருந்து காண்பவருக்கும் சொல்லின் மையம் நகர்ந்துள்ளது.

அரசவைகள் மறைந்தபின் முதல் வழக்கு சுருங்கியது. தஞ்சை மராத்திய அரசு 1855இல் முடிவுற்றது. சமீன்களை ஒழிக்கும் சட்டம் 1948இல் சென்னை மாகாணத்தில் இயற்றப்பட்டது. அரசனுக்குரிய கொலுவிருத்தல் கதைகளிலும் மேடை நாடகங்களிலும் எஞ்ச, தெய்வத்துக்குரியது கோயிலில் நிலைத்தது. கொலுவைத்தல் இல்லங்களில் தழைத்தது. ஒற்றைப்படை எண்ணிக்கையில் அமையும் படிகளும், இணையாக வைக்கப்படும் மரப்பாச்சிப் பொம்மைகளும், தசாவதார வரிசையும், செட்டியார் கடையும் தெய்வத்தையும் அன்றாட வாழ்வையும் ஒரே காட்சியில் நிறுத்துகின்றன. அரசவையில் ஊழியராக நிற்கவேண்டியிருந்த எளிய மாந்தர், இங்குத் தாமே காட்சிப்பொருளாகப் படியேறியுள்ளனர்.

முடிவுரை

ஒரு சொல் வந்த காலம், அச்சொல்லால் இன்று சுட்டப்படும் வழக்கம் தோன்றிய காலமாகாது. எனவே ‘கொலு’ தெலுங்கின் வழி வந்ததைக் கொண்டு பொம்மை அடுக்கும் வழக்கமும் அவ்வாறே வந்தது என முடிவுசெய்தல் பொருந்தாது. அதுபோல, வழக்கத்தின் தொன்மையை நிறுவுவதற்காகச் சொல்லைக் ‘கோலம்’ என்பதோடு பிணைப்பதும் பொருந்தாது. பெயர்ச்சொல்லின் மூலத்தை மட்டும் தேடாது, அது ஏற்கும் வினைகளையும் எழுவாய்களையும் காலவரிசையில் தொகுத்து நோக்கின், விழாச் சொற்களின் சமூக வரலாறு மேலும் தெளிவுறும்.