தெய்வீக அன்பும் தெய்வீக நீதியும்: மீட்புக் கோட்பாட்டின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

இறைவன் அன்பு வடிவினன் எனின், பாவத்தை ஈடு எதுவும் கோராது மன்னிக்கலாகாதா? நீதி வடிவினன் எனின், மன்னிப்பு எங்ஙனம் சாத்தியமாகும்? கிறித்தவ இறையியலின் மையமான இவ்வினாவுக்கு அளிக்கப்பட்ட விடைகளை வரலாற்று நோக்கில் ஆராயுமிடத்து, நீதி என்பதன் பொருளே காலந்தோறும் மாறி வந்துள்ளமை புலனாகும்.

கன்ரபரிப் பேராயர் அன்செல்ம் 1098இல் நிறைவுசெய்த 'இறைவன் மனிதனானது ஏன்' என்னும் நூல், மனிதர்மீது பிசாசுக்கு உரிமை உண்டென்ற பழைய கருத்தினை நிராகரித்தது. பாவமாவது இறைவனுக்குரிய மாண்பினைச் செலுத்தத் தவறுதல். அதற்கு ஈடு செய்யப்படல் வேண்டும், அன்றேல் தண்டனை நிகழ்தல் வேண்டும். ஈடு செய்யும் கடப்பாடு மனிதனுடையது. ஆற்றலோ இறைவனுக்கே உரியது. ஆதலின் இறைவனும் மனிதனுமான ஒருவர் இன்றியமையாதவராகிறார். இவ்வாதத்தில் நிலமானிய சமுதாயத்தின் சாயல் தெளிவு. எனினும் திருச்சபையின் பாவப்பரிகார நடைமுறைக்கும் இதில் பங்குண்டாதலின், இதனைச் சமூக அமைப்பின் நேரடிப் பிரதிபலிப்பு என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது.

அடுத்த தலைமுறையினரான பீற்றர் அபெலாட் (1079–1142), சிலுவையில் வெளிப்பட்ட அன்பு மனிதருள்ளத்தில் அன்பினைத் தூண்டி அவரை விடுவிக்கின்றது என்றார். 1594இல் வெளிவந்த நூலொன்றில் சோசினஸ் கூரியதொரு வினாவை எழுப்பினார்: கடன் முற்றாகச் செலுத்தப்பட்டுவிட்டதெனின், அங்கு மன்னிப்புக்கு இடமேது? 1617இல் இதற்கு மறுப்பெழுதிய சட்ட அறிஞர் குறோஷியஸ், இறைவனைக் கடன்கொடுத்தோனாகவன்றி ஆட்சியாளனாகக் கண்டார். தண்டனை பொது ஒழுங்கின் பொருட்டானது. ஆட்சியாளன் சட்டத்தின் கடுமையைத் தளர்த்தலாம். பிரபுவின் மாண்பு இருந்த இடத்தில் இப்போது அரசின் சட்டம் அமர்ந்துவிட்டது.

இவ்விடைகள் தம்முள் முரண்பட்டவையாயினும் ஓரம்சத்தில் ஒன்றுபடுகின்றன. இறைவனும் பாவியுமே இவற்றில் முதன்மை பெறுகின்றனர். பாவியினால் தீங்கிழைக்கப்பட்ட மனிதன் விவாதத்தின் விளிம்பிலேயே நிற்கிறான். ஆண்டான் அடிமைக்கு இழைத்த கொடுமைக்கு இறைவனிடம் மன்னிப்புப் பெறலாமெனின், அடிமைக்குரிய நீதி யாது என்ற வினா எஞ்சுகின்றது.

இலத்தீன் அமெரிக்க விடுதலை இறையியலின் வரலாற்று முக்கியத்துவம் இவ்விடத்திலேயே தங்கியுள்ளது. பெரு நாட்டுக் குருவான குஸ்தாவோ குற்றியெரஸ் 1971இல் வெளியிட்ட 'விடுதலை இறையியல்' என்னும் நூல், அயலானுக்கு நீதி செய்தலினின்று இறையன்பினைப் பிரித்தல் இயலாதென வலியுறுத்தியது. ஒடுக்குவோனையும் நேசித்தல் வேண்டும். ஆனால் ஒடுக்கும் நிலையினின்று அவனை விடுவித்தலே அந்நேசம். இங்கு நீதி அன்பின் எல்லையன்று. அன்பு சமூகத்தில் கொள்ளும் வடிவம்.

மீட்புக் கோட்பாட்டின் சிக்கல்கள் யாவும் இதனால் தீர்ந்தன என்பதற்கில்லை. ஆயினும் 'யாருக்கான நீதி?' என்ற வினாவைப் புறக்கணித்து அன்பையும் நீதியையும் இனி இணைத்தல் அரிது.