கூரையும் சோறும் போதுமா? ஜொகூர்த் தோட்டத்து முதியோர் சரித்திரம்

தோட்டத் தொழிலாளர் பொருட்டு மலாய் நாட்டில் ஏற்பட்ட பழைய சட்டங்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு விஷயம் தென்படாமற் போகாது. கூட்டு மலாய் நாடுகளில் 1923-ஆம் ஆண்டு வகுக்கப்பட்ட தொழிலாளர் சட்டத்திலே, படிக்கும் வயதுப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் சொல்லப்பட்டிருந்தது. நோயாளிக்கு ஆஸ்பத்திரி சொல்லப்பட்டிருந்தது. தாய் பால்மரம் வெட்டப் போகும் வேளையில் கைக்குழந்தையைக் கிடத்திவிட்டுச் செல்ல ஆயாக் கொட்டகையும் சொல்லப்பட்டிருந்தது. இவை எவ்வளவு தூரம் நடைபெற்றன என்பது வேறு கதை, ஏட்டிலாவது இருந்தன. ஆனால், முப்பது வருஷம் மரம் வெட்டிக் கண் மங்கிக் கை நடுங்கிப்போன கிழவனுக்கு என்று என்ன இருந்தது? கப்பல் இருந்தது.

ஆம், கப்பல்தான். 1907-ஆம் ஆண்டில் இந்தியர் குடியேற்றக் கமிட்டி அமைக்கப்பட்டு, அதன் கீழ் ஒரு நிதி ஏற்படுத்தப்பட்டது. தமிழ்த் தொழிலாளரை வைத்து வேலை வாங்கிய ஒவ்வொரு முதலாளியும், அவர்கள் வேலை செய்த நாட்கணக்குப்படி அந்நிதிக்குப் பணம் கட்டவேண்டும். பின்னர் ஜொகூரும் இவ்வேற்பாட்டினுள் வந்தது. கங்காணி ஆள் சேர்த்துக் கொண்டுவருவதற்கும், கப்பற் கட்டணத்திற்கும் அந்தப் பணம் செலவாயிற்று. உழைக்க இயலாதவராய்ப் போனோரைத் திரும்ப நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறக்கிவிடுவதற்கும் அதே பணம்தான். நடமாட்டமற்றுப் போன தொழிலாளருக்கென்று கோலாலம்பூரில் ஒரு விடுதியும் அந்நிதியினின்று நடத்தப்பட்டது. இதை மறைப்பது நியாயமன்று. எனினும் லாயாங் லாயாங்கிலோ, லாபிசிலோ, சிகாமட்டின் உட்காட்டுத் தோட்டத்திலோ கிடந்த ஒரு கிழவிக்குக் கோலாலம்பூரும் கும்பகோணமும் ஒரே தூரம்தான்.

முதலாளிமார் இதனைக் கொடுமை என்று எண்ணவில்லை. தொழிலாளி நாலு காசு சேர்க்க வந்தவன், சேர்த்ததும் ஊருக்குப் போகிறவன், அவனுக்கு முதுமை இங்கில்லை என்பது அவர்கள் கணக்கு. முக்கிய வட்டாரங்களில் 1928-இல் ஆணுக்கு நாளொன்றுக்கு 50 சென்ட்டும் பெண்ணுக்கு 40 சென்ட்டும் கூலி என்று வகுத்தபோதும், கிழப்பருவத்திற்கென ஒரு சென்ட் ஒதுக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை. 1930-இல் ரப்பர் விலை விழுந்தது. அடுத்த இரண்டு மூன்று வருஷங்களில் இலட்சத்துக்கும் மேற்பட்ட நம்மவர் மூட்டைபோல் கப்பலேற்றப்பட்டனர். இளைஞராய் வந்து நரைத்துத் திரும்பியவனை அடையாளம் காணக் கிராமத்தில் யார் இருப்பர்? அண்ணன் தம்பி இருந்தாலும், பாகம் பிரித்த நிலத்தில் அவனுக்கு எங்கே இடம்?

1938-ஆம் ஆண்டு இந்திய சர்க்கார், உதவிப் பணம் பெற்று வரும் குடியேற்றத்தை நிறுத்திவிட்டது. பின்னர் யுத்தம் வந்தது. ஜப்பானியர் காலத்தில் திடகாத்திரமான ஆண்களைச் சயாம்-பர்மா இரயில்பாதைக்குக் கொண்டுபோயினர். பல்லாயிரவர் திரும்பவே இல்லை. லயத்தில் எஞ்சியோர் பெண்களும் குழந்தைகளும் கிழவர்களும். இதில் நம்மவர் கவனியாத ஒன்று உண்டு. மகனை இரயில்பாதைக்குப் பறிகொடுத்த தகப்பனுக்குப் பிற்காலத்தில் கஞ்சி ஊற்ற ஆளில்லாமற் போயிற்று. அந்தத் தலைமுறையின் அநாதை முதுமைக்கு யுத்தமே ஒரு காரணம். இரயில்பாதையில் மாண்டவர்களைப் பற்றி எழுதுவோர், லயத்து வாசலில் உட்கார்ந்து காத்திருந்தவர்களைப் பற்றி எழுதக் காணோம்.

சுதந்திரத்தை ஒட்டிச் சில நன்மைகள் வந்தன. 1951-இல் ஊழியர் சேமநிதிச் சட்டம் ஏற்பட்டது. தொழிலாளி நூற்றுக்கு ஐந்து, முதலாளி நூற்றுக்கு ஐந்து என்று ஆரம்பித்தார்கள். ஐம்பத்தைந்து வயதில் அத்தொகை மொத்தமாய்க் கைக்கு வரும். அற்பக் கூலிக்கு அற்பச் சேமிப்பு. அதுவும் கடைசி மகளின் கலியாணத்தோடு கரைந்துபோவது தோட்டத்தில் வழக்கம். பழைய குடியேற்ற நிதியோ 1958-இல் தென்னிந்தியத் தொழிலாளர் நிதி என்று பெயர் மாறிற்று. தள்ளாதவருக்கு இல்லம் நடத்துவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று. 1999-இல் அந்த நிதி வாரியம் சட்டத்தால் கலைக்கப்பட்டு, அதன் உடைமை மத்திய சர்க்காருக்குச் சேர்ந்தது. தமிழனின் வேலை நாளைக் கணக்கிட்டு எழுந்த பணம் அப்பொழுது பொதுக் கஜானாவுக்குப் போயிற்று. அன்று நம் தலைவர்கள் என்று சொல்லிக்கொண்டோர் எழுப்பிய குரல் தோட்டத்துக் கிழவர் காதுக்கு எட்டியதாகத் தெரியவில்லை.

சேமநிதியைக் காட்டிலும் பெரிய விஷயம் வீடு. தோட்டத்து லயம் வேலைக்குச் சேர்ந்த வீடு. குடும்பத்தில் ஒருவர் பெயராவது செக்ரோலில் இருக்கும் வரையில் கிழவருக்குத் திண்ணை உண்டு. பெயர் போனால் திண்ணையும் போயிற்று. ஆகவே எழுபது வயதுக் கிழவியும் புல் வெட்டப் போனாள். பார்வை மங்கியவள் ஆயாக் கொட்டகையில் தொட்டில் ஆட்டினாள். 'இலேசு வேலை' என்று துரைமார் பெயர் வைத்தார்கள். சொல்லப்போனால், அந்த ஆயாக் கொட்டகைதான் நம் சமூகம் கண்ட முதல் முதியோர் இல்லம்! குழந்தைகளின் பெயரால் கட்டிய கொட்டகையில் கிழவிகள் பிழைத்தார்கள்.

ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் பெரிய தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது அந்தப் பிழைப்பும் ஆட்டம் கண்டது. துன் சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்துத் தொழிலாளர் பணத்தாலேயே தோட்டங்களை வாங்க முற்பட்டதன் அருமை, வீட்டை இழக்கவிருந்த கிழவருக்கே நன்கு தெரியும். அவ்விதம் காப்பாற்றப்பட்டவை சில, போனவை பல. 2006-இல் இஸ்கந்தர் வட்டாரத் திட்டம் தொடங்கிய பின் ஜொகூர் பாருவைச் சூழ்ந்த தோட்ட நிலங்கள் வீடுகளாகவும் தொழிற்சாலைகளாகவும் மாறின. இளைஞர் விடியுமுன் எழுந்து பாலம் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகின்றனர். அடுக்குமாடி வீட்டின் கதவைப் பூட்டிக்கொண்டு தாய் பகல் முழுதும் தனியே இருக்கிறாள். லயத்திலாவது பக்கத்து வீட்டு அடுப்புப் புகை தெரியும்.

இப்படிப்பட்டவர்களில் யாருமற்றோர் கடைசியில் சேர்வது சர்க்கார் இல்லம். ஜொகூர் பாருவில் சமூக நல இலாகா நடத்தும் ரூமா ஸ்ரீ கெனாங்கான் இருக்கிறது. அறுபது வயது நிரம்பியவராய், வாரிசும் இருக்க இடமும் அற்றவராய், தொற்று நோயில்லாதவராய், தம்மைத் தாமே பார்த்துக்கொள்ளக் கூடியவராய் இருத்தல் வேண்டும் என்பன அதன் விதிகள். இதனை நாம் இகழவில்லை. தெருவில் கிடப்பவருக்கு அது பெரிய அபயம். ஆனால் நம் கேள்வி கூரையையும் சோற்றையும் தாண்டியது.

அறுபது வருஷம் தோட்டத்தில் வாழ்ந்த கிழவிக்குத் தெரிந்த மலாய் மொழி கடைத்தெரு மலாய். முதுமையில் மூளை தளர்ந்து நினைவு குலையும்போது, பின்னால் கற்ற மொழி முன்னால் மறந்துபோவதைப் பலரிடத்தும் மருத்துவர்கள் கண்டிருக்கின்றனர். தாய்மொழி ஒன்றே மிஞ்சுகிறது. தாதிப் பெண் அன்போடுதான் "சாக்கிட்?" என்று கேட்கிறாள். கிழவியும் தலையசைக்கிறாள். அதற்கு மேல்? நம் மொழியில் நோவுக்கு எத்தனை பெயர்! குத்தல் வேறு, குடைச்சல் வேறு. கடுப்பு வேறு, உளைச்சல் வேறு. எரிச்சல், இழுப்பு, விண்விண்ணென்று தெறித்தல், மரத்துப்போதல் என்று ஒவ்வொன்றும் வைத்தியனுக்கு ஒவ்வொரு வழியைக் காட்டும். "நெஞ்சைக் கரிக்கிறது" என்பதும் "நெஞ்சை அடைக்கிறது" என்பதும் ஒன்றாகுமா? ஒன்று சோற்றால் வந்தது, மற்றது உயிருக்கு வந்தது. இரண்டும் "சாக்கிட்" என்ற ஒரே சொல்லுள் அடங்கிவிட்டால், மருந்து எங்ஙனம் சரியாய் அமையும்? மொழி என்பது இங்கே அபிமானச் சமாசாரமன்று, உயிர்ச் சமாசாரம்.

உணவும் அப்படியே. மாட்டிறைச்சி தொடாதவர் தட்டில் அது வந்தால் அவர் சண்டையிடமாட்டார், சும்மா எழுந்துவிடுவார். 'கிழவருக்குப் பசியில்லை' என்று எண்ணிக்கொள்வார்கள். குளிப்பாட்ட வந்தவர் ஆணாயிருந்தால் கிழவி குளிக்க மறுப்பாள்; 'பிடிவாதக்காரி' என்ற பெயர் வந்து சேரும்.

மேலும், 'இந்தியர்' என்று ஒரு பத்தியில் எழுதிவிட்டால் வேலை முடிந்ததென்று எண்ணுவதும் தவறு. தமிழ் முஸ்லிம் பெரியவருக்கு உணவிலும் தொழுகையிலும் குறையிராது. பேச்சுத் துணைதான் இராது. தெலுங்கர், மலையாளி, சீக்கியர் எல்லாரையும் கோயில் பிரசாதத்தால் திருப்தி செய்ய முடியாது. தமிழ்க் கிறிஸ்தவர் கேட்பது திருநீறு அன்று.

இவ்விஷயத்தில் சீனரைப் பார்த்து நாம் கற்கவேண்டியது உண்டு. ஜொகூர் பாருவின் பழைய சீனக் கோயிலில் ஐந்து வட்டார மொழியினரும் தத்தம் தெய்வத்தை ஒரே கூரையின் கீழ் வைத்திருக்கின்றனர். தியோச்சியூ, ஹொக்கியன், கான்டனீஸ், ஹக்கா, ஹைனானீஸ் என்ற பிரிவு அவர்களிடம் உண்டு. ஆனால் அந்தப் பிரிவே ஆதரவாகவும் வேலை செய்தது. கப்பலிலிருந்து இறங்கிய ஆளுக்கு வேலையும், செத்தவனுக்கு இடுகாடும், தள்ளாதவனுக்குப் பாயும் அந்தந்த மொழிச் சங்கம் கொடுத்தது. நமக்கும் பிரிவுகள் இருந்தன. சாதிக்கொரு லயம் வைத்த தோட்டங்களும் இருந்தன. நம் பிரிவு யாருக்குப் பாய் விரித்தது?

உலகத்தில் பிற இடங்களிலும் இதே கேள்வி எழுந்திருக்கிறது. டச்சுக்காரர் ஆண்ட இந்தோனேசியாவிலிருந்து யுத்தத்திற்குப் பின் ஹாலந்துக்குப் போய்க் குடியேறிய கலப்பினக் குடும்பத்தினர் முதுமையடைந்தபோது, அவர்களுக்கென்று வாகனிங்கன் என்னும் ஊரில் ஓர் இல்லம் ஏற்பட்டது. அதன் பெயர் ரூமா கீத்தா. ஜொகூர் வாசகர்கட்குப் பொருள் சொல்லவேண்டியதில்லை, 'நம் வீடு'! குளிர்ந்த ஐரோப்பாவில், டச்சு மொழி நன்கறிந்த முதியோருக்குங்கூட, வாசலில் மலாய்ப் பெயரும் தட்டில் தம் ஊர்ச் சோறும் வேண்டியிருந்தன. பாலத்தின் அக்கரையில், 1948-இல் ஏற்பட்ட சிங்கப்பூர் ஸ்ரீ நாராயண மிஷன் 1979 முதல் நோயுற்ற முதியோர்க்கு இல்லம் நடத்தி வருகிறது. கேரளத்தவர் தோற்றுவித்தது, ஆனால் எந்த இனத்தாரையும் எந்த மதத்தாரையும் சேர்த்துக்கொள்கிறது. ஒருவருக்கென்று கட்டுவதும் ஒருவரையும் விலக்காமலிருப்பதும் ஒன்றோடொன்று பகையல்ல என்பதற்கு அது சாட்சி.

தமிழருக்கென்று தனி இல்லம் கட்டினால் போதும் என்போரும் நம்மில் உண்டு. கட்டட்டும், கும்பாபிஷேகத்துக்குச் செலவாவதில் ஒரு பங்கு போதும். ஆனால் சிகாமட்டில் ஒன்றும் குளுவாங்கில் ஒன்றும் கட்டினாலும், எல்லாரையும் கொள்ளாது. வரி கொடுத்த நாட்டின் பொது இல்லத்தில் நம்மவருக்கு உரிய இடம், பிச்சையாக அன்றி உரிமையாகக் கிடைக்கவேண்டும் என்பதே நம் கட்சி. அந்த உரிமைக்கும் ஒரு முட்டுக்கட்டை உண்டு. சர்க்கார் முதியோருக்குத் தரும் உதவித் தொகை 2021-இல் மாதம் 500 வெள்ளியாக உயர்த்தப்பட்டது. அது குடிமக்களுக்கே உரியது. இங்கேயே நரைத்தும் சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்த நம்மவர் பலர். வெளிநாட்டவர் வேலைக்கு அனுமதிச்சீட்டு வேண்டும் என்ற சட்டத்தால் 1969-ஐ ஒட்டி ஏறக்குறைய 60,000 பேர் இந்தியாவுக்குத் திரும்பினர் என்பர். போகாதவர் இந்தக் கார்டோடு தங்கினர். 2018-ஆம் ஆண்டில்தான், அறுபது கடந்த இத்தகைய இந்தியர் 3,407 பேருக்குக் குடியுரிமை என்று பிரதம மந்திரி மகாதீர் அறிவித்தார். சுதந்திரம் வந்து அறுபத்தொரு வருஷத்திற்குப் பின்!

சர்க்காரைக் கேட்கும் நாம் நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும். முதியோர் இல்லங்களில் தமிழ் பேசும் பணியாளர் வேண்டும் என்கிறோம். அந்த வேலைக்கு நம் பிள்ளைகளை அனுப்புகிறோமா? பிறர் உடம்பைத் துடைப்பதும் மலசலம் எடுப்பதும் இன்ன சாதியார் வேலை என்று ஊரிலிருந்து கப்பலேறி வந்த எண்ணம் இன்னும் நம் வீடுகளில் பாய் போட்டுப் படுத்திருக்கிறது. டாக்டராக்க ஆசைப்படுவோம், தாதியாகவும் சம்மதிப்போம், பராமரிப்பாளன் என்றால் முகம் சுளிப்போம். வெளிநாட்டிலிருந்து வந்த ஏழைப் பெண்கள் நம் பாட்டிமாரைக் கழுவித் துடைக்கின்றனர். அவர்களுக்கு நன்றி சொல்லவும் நம்மவரிற் பலருக்கு வாய் வருவதில்லை.

இதற்கு இலட்சங்கள் வேண்டியதில்லை. இல்லத்தில் ஒருவரைச் சேர்க்கும் நாளிலேயே, அவர் மொழி தெரிந்த ஒருவரை அருகே வைத்துக்கொண்டு சில கேள்விகள் கேட்டு எழுதிக்கொள்ளட்டும். எந்த மொழியில் நோவைச் சொல்வார்? எதை உண்ணமாட்டார், எந்த நாளில் உண்ணமாட்டார்? யார் தொட்டுக் குளிப்பாட்டலாம்? இறந்தால் எரிப்பதா, புதைப்பதா? தமிழர் எல்லாரும் எரிப்பவரல்லர்; புதைக்கும் வழக்கமுடையோரும் நம்மில் ஏராளம். சேதி யாருக்குச் சொல்லி அனுப்ப வேண்டும்? உறவில்லை என்று சொன்னாலும் மறுபடி கேட்க வேண்டும். பழைய தோட்டத்தின் பெயரைக் கேட்க வேண்டும். அந்தப் பெயரைச் சொன்னால் வந்து நிற்கக்கூடியவர் ஒருவராவது ரெங்கத்திலோ கூலாயிலோ இருப்பார்.