பந்தயப் பணயமும் ஆட்ஸும்: கிண்டிக் குதிரைப் பந்தயத்தை முன்வைத்து

விளையாட்டுப் போட்டி ஒன்றின் முடிவை முன்கூட்டிச் சொல்லி, அதன்மேல் பணம் வைப்பது பந்தயம் கட்டுதல். சொன்னது பலித்தால் வைத்த பணத்துக்கு எவ்வளவு திரும்பும் என்பதைக் காட்டும் எண்ணை ஆட்ஸ் என்பார்கள். இந்தியாவில் பந்தயம் கட்டுதல் பெரும்பாலும் குதிரைப் பந்தயத் திடல்களுக்குள் மட்டுமே சட்டப்படி நடந்துவந்தது. மேகாலயாவில் அம்பெய்தலை வைத்து நடக்கும் தீர் பந்தயம் போன்ற விதிவிலக்குகள் மிகக் குறைவு. தமிழ்நாட்டில் கிண்டியும் உதகையும் இருந்தன. ஆட்ஸைப் புரிந்துகொள்ளக் கிண்டியை விடத் தெளிவான பாடம் தமிழர்களுக்குக் கிடைக்காது. கணக்கு, சட்டம், வரி மூன்றும் அங்கே ஒரே சீட்டில் சந்தித்தன.

கிண்டியில் குதிரைப் பந்தயம் 18ஆம் நூற்றாண்டிலேயே தொடங்கிவிட்டது. மெட்ராஸ் ரேஸ் கிளப் இன்றைய வடிவில் அமைந்தது 1896இல்.

டோட்டும் புக்கியும்

திடலுக்குள் பணம் கட்ட இரண்டு வழிகள். ஒன்று டோட் எனப்படும் டோட்டலைசேட்டர். மற்றது உரிமம் பெற்ற புக்கி. வெளிப்பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும் இவ்விரண்டும் அடிப்படையில் வேறு வேறு.

டோட்டில் எல்லோருடைய பணமும் ஒரே தொகுப்பில் விழும். கிளப்பின் கழிவையும் அரசின் வரியையும் எடுத்தபின் மிஞ்சுவதை வென்றவர்கள் தங்களுக்குள் பிரித்துக்கொள்கிறார்கள். 1860களில் பாரிஸில் ஜோசப் ஒல்லேர் வகுத்த முறை இது. இதை இயந்திரமாக்கியவர் ஜார்ஜ் ஜூலியஸ். அவருடைய முதல் இயந்திரம் 1913இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் இயங்கியது. ஓர் எடுத்துக்காட்டு பார்க்கலாம். ஒரு ரேஸில் முதலில் வரும் குதிரைக்கான வின் தொகுப்பில் 10 லட்சம் ரூபாய் சேர்கிறது, கழிவு 20 சதவீதம் என்று கொள்வோம். மிச்சம் 8 லட்சம். வென்ற குதிரையின்மேல் 2 லட்சம் கட்டியிருந்தால் ரூபாய்க்கு 4 ரூபாய், 10 ரூபாய் சீட்டுக்கு 40 ரூபாய். அதே குதிரையின்மேல் 5 லட்சம் குவிந்திருந்தால் 16 ரூபாய்தான். குதிரை அதே குதிரை, ஓடியதும் அதே ஓட்டம். கூட்டம் எவ்வளவு நம்பியது என்பதே தொகையைத் தீர்மானிக்கிறது. டோட் பலகையில் எண்கள் கடைசி நிமிடம் வரை மாறிக்கொண்டே இருப்பதும் இதனால்தான். சீட்டு வாங்கும்போது கண்ட எண்ணுக்கு எந்த உறுதியும் இல்லை.

புக்கியிடம் அப்படியில்லை. அவர் சொன்ன விலைக்கு நீங்கள் ஒப்புக்கொண்ட கணமே அது உங்களுக்கு உறுதி. பிறகு விலை ஏறினாலும் இறங்கினாலும் உங்கள் கணக்கு மாறாது. ஒரு குதிரை கடைசி நேரத்தில் விலக்கப்பட்டால் அதன்மேல் கட்டிய பணம் திரும்பும், மற்ற குதிரைகளில் கட்டியவர்களின் வெற்றித் தொகையில் ரூபாய்க்கு இத்தனை பைசா என்று பிடித்துக்கொள்வார்கள். வலுவான போட்டியாளர் ஒருவர் விலகியதால் அவர்களுக்கு வேலை எளிதாகிவிட்டது என்பது அதற்குக் காரணம். ரேஸ் முடிந்த உடனேயும் பணம் கைக்கு வராது. ஜாக்கிகள் எடை பார்க்கப்பட வேண்டும். ஒருவர் இன்னொருவரின் வழியை மறித்தார் என்று புகார் வந்தால் பந்தய நடுவர்களான ஸ்டூவர்டுகள் விசாரித்து முடிவை மாற்றவும் கூடும். விவரம் தெரிந்தவர்கள் அதுவரை தோற்ற சீட்டைக்கூடக் கிழிப்பதில்லை.

சீட்டின் வகைகள்

வின் என்றால் குதிரை முதலில் வர வேண்டும். பிளேஸ் என்றால் முதல் சில இடங்களுக்குள் வந்தால் போதும். எத்தனை இடம் என்பது ஓடும் குதிரைகளின் எண்ணிக்கையைப் பொறுத்தது. எஸ்.எச்.பி. என்பது சரியாக இரண்டாவது வரும் குதிரைக்கானது. முதலில் வந்தால் அதற்குப் பணம் கிடையாது.

இதற்கு மேலே போனால் சேர்க்கைகளின் கணக்கு. பத்துக் குதிரை ஓடும் ரேஸில் முதல் இரண்டை வரிசையாகச் சொல்வது ஃபோர்காஸ்ட், அதில் 90 சாத்தியங்கள். வரிசை முக்கியமில்லை என்றால் குயினெல்லா, 45 சாத்தியங்கள். முதல் மூன்றை வரிசையாகச் சொல்லும் டனாலாவில் 720. டிரெபிள் மூன்று ரேஸ்களின் வெற்றிக் குதிரைகளையும், ஜாக்பாட் தொடர்ந்து ஐந்து ரேஸ்களின் வெற்றிக் குதிரைகளையும் கேட்கும். ஒவ்வொன்றிலும் பத்துக் குதிரைகள் என்றால் ஜாக்பாட்டுக்கு ஒரு லட்சம் சேர்க்கைகள். நாளிதழ்களில் ஜாக்பாட் தொகையைப் பார்த்து மலைப்பவர்கள் இந்த ஒரு லட்சத்தையும் அதன் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும்.

புக்கியிடமும் பல பந்தயங்களைக் கோத்துக் கட்டலாம். அதில் மறைந்திருக்கும் செலவைப் பலர் கவனிப்பதில்லை. ஒவ்வொரு விலையிலும் புக்கியின் பங்காகப் பத்து சதவீதம் ஏற்றியிருந்தால், மூன்று பந்தயங்களைக் கோக்கும்போது அது மூன்று முறை பெருகி, கட்டும் பணத்தில் சுமார் கால் பங்கை விழுங்கிவிடும். டோட்டின் டிரெபிளில் கழிவு ஒரு முறைதான்.

எண்களை வாசித்தல்

கிண்டியில் வழங்கியது பின்ன முறை. 5/2 என்றால் இரண்டு ரூபாய் கட்டியவருக்கு ஐந்து ரூபாய் லாபம், கட்டிய இரண்டும் திரும்பும். 1/1 என்பது ஈவன் மணி. 2/5 போலக் கட்டுவதை விட லாபம் குறைவாக இருந்தால் அது ஆட்ஸ்-ஆன், எல்லோரும் வெல்லும் என்று எதிர்பார்க்கும் ஃபேவரிட்டின் விலை. ஐரோப்பிய இணையதளங்கள் கட்டிய பணத்தையும் சேர்த்துத் தசமத்தில் சொல்கின்றன: 5/2 அங்கே 3.50, 2/5 அங்கே 1.40. அமெரிக்க முறையில் 100 டாலர்தான் அளவுகோல். +250 என்றால் நூறுக்கு 250 லாபம். −250 என்றால் நூறு லாபம் பெற 250 கட்ட வேண்டும்.

எந்த முறையில் எழுதினாலும் தசம எண்ணால் ஒன்றை வகுத்தால் அந்த விலைக்குள் இருக்கும் வாய்ப்பின் அளவு கிடைக்கும். 3.50 என்றால் 28.57 சதவீதம். 1.40 என்றால் 71.43 சதவீதம்.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. நான்கு குதிரைகள் ஓடுகின்றன. புக்கியின் பலகையில் 6/4, 2/1, 4/1, 5/1 என்ற விலைகள். வாய்ப்பாக மாற்றினால் 40, 33.33, 20, 16.67 சதவீதம். கூட்டினால் 110. ஏதோ ஒரு குதிரை வென்றே தீரும், ஆகவே உண்மையான வாய்ப்புகளின் கூட்டு 100ஐத் தாண்ட முடியாது. மிகையாக நிற்கும் பத்துதான் புக்கியின் பங்கு. நான்கு குதிரைகளிலும் விலைக்கு ஏற்ற அளவில் பணம் வந்தால், எது வென்றாலும் அவர் 110 ரூபாய் வாங்கி 100 ரூபாய் கொடுப்பார். ஆட்ஸை ஆரூடமாக எடுத்துக்கொள்வது பரவலான தவறு. அது ஒரு விற்பனை விலை, விற்பவரின் லாபம் அதற்குள்ளேயே இருக்கிறது. இந்த ஒரு கூட்டல் கணக்கைச் செய்யாமல் பந்தயம் கட்டுபவர் விலை கேட்காமல் பொருள் வாங்குகிறார்.

கிரிக்கெட்டின் பாவ்

இந்தியாவில் கிரிக்கெட்டின்மேல் பணம் கட்டுவது சட்டவிரோதம், ஆனாலும் அதற்கென்று ஒரு கணக்கு மொழி வளர்ந்திருக்கிறது. விலைக்கு அங்கே பாவ் என்று பெயர், அது பைசாவில் சொல்லப்படும். ‘40–42’ என்றால் ஃபேவரிட் அணியின்மேல் ஒரு ரூபாய் கட்டுபவருக்கு 40 பைசா லாபம். இது லகாயி. அதே அணி தோற்கும் என்பவர் 42 பைசாவைப் பணயம் வைத்து ஒரு ரூபாய் லாபம் பார்க்கலாம். இது காயி. இரண்டையும் வாய்ப்பாக மாற்றிக் கூட்டினால் சுமார் 101 சதவீதம். ஒரு சதவீதம் கொஞ்சமாகத் தெரிந்தாலும், ஒரே ஆட்டத்தில் பாவ் பல முறை மாறுவதால் பணம் சுழன்றுகொண்டே இருக்கும், ஒவ்வொரு சுழற்சியிலும் அது வசூலாகும்.

முழு ஆட்டத்தின் முடிவைத் தவிர, குறிப்பிட்ட ஓவர்களில் எத்தனை ரன் வரும் என்பதன்மேல் கட்டுவது செஷன். உலகம் முழுவதும் கால்பந்தில் கோல் எண்ணிக்கைக்கு மேலா கீழா என்று கட்டுவதும் இதே வகை. பலவீனமான அணிக்குக் கற்பனையாகச் சில கோல்களை முன்கூட்டியே கொடுத்துக் கட்டுவது ஹேண்டிகேப்.

செஷன் வகைதான் விளையாட்டுக்கே ஆபத்தானது. பதினொரு பேரை வாங்காமல் ஒரே ஒரு பந்து வீச்சாளரை வளைத்தால் போதும், ஆட்டத்தின் முடிவைத் தொடாமலே பணம் பண்ணலாம். 2013 மே மாதம் கொச்சியைச் சேர்ந்த ஸ்ரீசாந்த் உள்ளிட்ட ராஜஸ்தான் ராயல்ஸ் வீரர்கள் மூவரை டெல்லி காவல்துறை கைது செய்தபோது வைத்த குற்றச்சாட்டு இத்தகையது. மொகாலியில் பஞ்சாப் அணிக்கு எதிரான ஆட்டத்தில் ஒரு ஓவரில் 14 ரன் கொடுக்க ஸ்ரீசாந்த் ஒப்புக்கொண்டார், இடுப்பில் துண்டு செருகியது அதற்கான அடையாளம் என்றது காவல்துறை. 2015 ஜூலையில் டெல்லி நீதிமன்றம் அவரை வழக்கிலிருந்து விடுவித்தது. கிரிக்கெட் வாரியம் விதித்திருந்த ஆயுள் தடையை 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்து, தண்டனையின் அளவை மறுபரிசீலனை செய்யச் சொன்னது. தடை ஏழு ஆண்டாகக் குறைந்து 2020இல் முடிந்தது. அதற்குள் ஒரு வேகப்பந்து வீச்சாளரின் நல்ல வயது கழிந்துவிட்டது.

திறமையா, அதிர்ஷ்டமா

குதிரைப் பந்தயத்தில் பணம் கட்டுவதையும் சூதாட்டமாக்கி 1974இல் கருணாநிதி அரசு சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 1986இல் எம்.ஜி.ஆர். அரசு கிளப்பையே கையகப்படுத்தச் சட்டம் இயற்றியது. டாக்டர் கே. ஆர். லட்சுமணன் தொடுத்த வழக்கில் 1996 ஜனவரி 12 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குதிரையின் வம்சம், பயிற்சி, ஜாக்கியின் கைவண்ணம், முந்தைய ஓட்டங்கள் ஆகியவற்றை அறிந்தவரே சரியாகக் கணிக்க முடியும் என்பதால் இது பெரும்பாலும் திறமை சார்ந்தது என்றது. 1986ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாது என்றும் அறிவித்தது. பிற்காலத்தில் இணையவழி ரம்மிக்காரர்களும் ஃபேன்டசி கிரிக்கெட் நிறுவனங்களும் தங்களுக்குச் சாதகமாக எடுத்துக்காட்டியது இந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் குதிரையைப் பற்றிய அறிவு வேறு, விலையைப் பற்றிய அறிவு வேறு. முதலாவதில் தேர்ந்தவர்கூட இரண்டாவதைக் கவனிக்காவிட்டால் தோற்பார்.

பின்னாளில் சட்டம் விட்டுவைத்ததை வரி பிடித்துக்கொண்டது. கட்டும் தொகை முழுவதன்மேலும் முதலில் 28 சதவீத ஜி.எஸ்.டி., 2025 செப்டம்பர் 22 முதல் 40 சதவீதம். நூறு ரூபாய் பந்தயத்துக்கு வரியோடு 140 ரூபாய் எடுத்து வைக்க வேண்டும் என்றால், 5/2 விலையில் வென்று 350 ரூபாய் பெற்றாலும் உண்மையான விலை 6/4தான். 2/5 குதிரை வென்றால் கைக்கு வருவது 140 ரூபாய், அதாவது வென்றும் ஒரு பைசா லாபமில்லை. பெரிய வெற்றித் தொகைகளில் 30 சதவீத வருமான வரிப் பிடித்தமும் உண்டு.

இதற்கிடையே திடலின் நிலமும் சிக்கலுக்குள்ளானது. கிண்டித் திடலின் 160 ஏக்கர் அரசு நிலம் 1945 முதல் 99 ஆண்டுக் குத்தகையில் இருந்தது. 730 கோடி ரூபாய்க்கு மேல் வாடகை பாக்கி என்ற வழக்கு நீண்டு, 2024 செப்டம்பரில் அரசு குத்தகையை ரத்து செய்து திடலுக்கு முத்திரை வைத்தது. உதகைத் திடலை அதே ஆண்டு ஜூனிலேயே மீட்டுவிட்டது.

இணையவழியில் பணம் வைத்து ஆடும் எல்லா விளையாட்டுகளையும், திறமையா அதிர்ஷ்டமா என்ற வேறுபாடு பாராமல், 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் தடை செய்கிறது. நடத்துபவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் ஒரு கோடி ரூபாய் வரை அபராதமும் உண்டு. ஆடுபவரைச் சட்டம் தண்டிப்பதில்லை. ஆனால் அவர் பணத்தைக் காப்பதுமில்லை. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 30ஆம் பிரிவின்படி பந்தய ஒப்பந்தம் செல்லாது. 500 ரூபாயோ அதற்கு மேலோ மதிப்புள்ள குதிரைப் பந்தயப் பரிசுக்குப் பணம் சேர்ப்பது மட்டுமே அதற்கு விலக்கு. வெளிநாட்டு இணையதளம் ஒன்று நீங்கள் வென்ற தொகையைத் தராவிட்டால், அதைக் கேட்டு இந்தியாவில் எந்த நீதிமன்றத்திலும் வழக்குப் போட்டு வாங்க முடியாது.